ஓடுகிறவனுக்காக ஓர் எழுத்து

ஓடுகிறவனும் படித்துக்கொள்ளும் வண்ணம் காட்சியைப் பலகைகளில் தெளிவாக எழுதிவைக்குமாறு ஆண்டவர் இறைவாக்கினர் அபக்கூக்குக்குப் பணித்ததாக அவரது நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. எபிரேய மூலத்தைப் படிப்பவன் ஓடும்படி என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. விரிவுரையாளர் இரு விதமாகவும் கொள்வர். அந்த விவாதத்திற்குள் நாம் இப்போது புகவில்லை. அக்கட்டளைக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு கைத்தொழிற் சிக்கலையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அமர்ந்து படிப்பவனுக்கு எழுதும் எழுத்து, நிற்க நேரமில்லாமல் தெருவில் விரைகிறவனுக்குப் பயன்படாது. அவன் கண்ணை மறித்து நிறுத்தும் எழுத்து எப்படி இருக்கவேண்டும்?

இவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகர எழுத்து வார்ப்பாளர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, பருத்த பாதமும் ஒடுங்கிய உடலும் கொண்ட ஒருவகை உரோமன் அச்செழுத்து. ஆங்கில அச்சகத்தார் இதனைக் 'கண்டென்ஸ்டு ஸ்லாப் செரிஃப்' என்பர். பெயர் புதிதாகத் தோன்றினும் உருவம் நமக்குப் புதிதன்று. பழைய அமெரிக்கத் திரைப்படங்களில், குதிரைவீரன் வந்து இறங்கும் சிற்றூரின் மரச்சுவரில் 'தேடப்படுகிறான்' என்னும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்குமே, அந்த அறிவிப்பின் எழுத்தை நினைவிற்குக் கொண்டுவந்தால் போதும். சர்க்கஸ் கூடாரங்களின் விளம்பரங்களிலும் அதனைக் காணலாம்.

நம் தமிழ் எழுத்துக்குப் பாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே சிறிது விளக்கவேண்டியுள்ளது. உரோமன் எழுத்தில் 'ஐ' என்பது ஒரு நெட்டைக் கோடு. அக்கோட்டின் தலையிலும் அடியிலும் குறுக்காக ஒரு சிறு கோடு நிற்கும். அதற்குத்தான் செரிஃப் என்று பெயர். பண்டைய உரோமையர் கல்லில் பொறித்த எழுத்துகளிலேயே இது உண்டு. நூல்களுக்கான அச்செழுத்துகளில் அது மெல்லியதாக, நெட்டைக் கோட்டிலிருந்து வளைந்து விரிவதாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் இத்தாலியில் போதோனியும் பிரான்சில் தீதோ குடும்பத்தாரும் அந்தக் குறுக்குக் கோட்டை மயிரிழை போல் மெலிதாக்கினர். அழகுதான், ஆயினும் கையில் ஏந்திப் படிப்பவர்க்கே அந்த அழகு தெரியும். பத்தடி தள்ளி நின்றால் மயிரிழை மறைந்துவிடும்.

அச்சு தோன்றிய நாள்முதல், ஒரு சொல்லைப் பக்கத்தில் தனித்துக் காட்ட வேண்டுமாயின் அச்சிடுவோர் நாடியது வண்ணத்தை. நம் திருவழிபாட்டு நூல்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. குரு சொல்ல வேண்டியது கறுப்பிலும், செய்ய வேண்டியது சிவப்பிலும் நிற்கும். சிவப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அக்குறிப்புகளுக்கு 'ரூப்ரிக்' என்ற பெயர் வந்தது. ஆனால் சிவப்பு எளிதில் கிட்டுவதன்று. ஒரே தாளை இருமுறை அச்சிட வேண்டும். கூட்டன்பர்க் தமது விவிலியத்தின் முதல் சில தாள்களில் சிவப்பை அச்சிட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தொல்லை வேண்டாமென்று கைவிட்டு, அவ்விடங்களைக் கையால் எழுதுவோருக்கு விட்டுவிட்டார். பின்னர் 1457-இல் மைன்ஸ் நகரில் ஃபுஸ்டும் ஷோஃபரும் வெளியிட்ட திருப்பாடல் நூல் சிவப்பும் நீலமும் கொண்டு அச்சாயிற்று. அத்தகைய உழைப்பு வழிபாட்டு நூல்களுக்குத் தகும். நாளைக்குக் கிழிந்துபோகும் நாடக அறிவிப்புக்கு யார் அவ்வளவு செலவிடுவார்? கறுப்பு மையைக் கொண்டே ஒரு சொல்லை உரத்துச் சொல்ல வழி தேட வேண்டியதாயிற்று.

இலண்டனில் அக்காலத்தில் குலுக்கல் சீட்டு நடத்துவோர், நாடகக் கொட்டகைக்காரர், மருந்து விற்போர், கப்பல் முகவர் ஆகிய அனைவரும் சுவர்களுக்காகப் போட்டியிட்டனர். 1803-ஆம் ஆண்டளவில் ராபர்ட் தோர்ன் என்னும் வார்ப்பாளர் போதோனி வகை எழுத்தின் பருத்த கோடுகளை மேலும் பருக்கச் செய்து, 'கொழுத்த எழுத்து' என்று பெயர் பெற்ற ஒன்றைப் பரப்பினார். தமிழில் நாம் 'கொட்டை எழுத்து' என்று சொல்வது போலத்தான். எனினும் அதில் ஒரு குறை இருந்தது. பருத்த கோடு மேலும் பருத்ததே தவிர, மயிரிழை மயிரிழையாகவே நின்றது. தூரத்திலிருந்து காண்போர்க்குக் கரிய தூண்களின் வரிசை தெரியும். தூண்களை இணைக்கும் கோடு தெரியாது.

குறை தீர்த்தவர் வின்சென்ட் ஃபிகின்ஸ். 1815-க்கும் 1817-க்கும் இடைப்பட்ட காலத்தில் அவருடைய மாதிரிப் புத்தகத்தில் 'ஆன்டிக்' என்ற பெயரில் புதிய எழுத்து தோன்றியது. அதில் செரிஃப் மயிரிழையாக இல்லை. செங்கல்லைப் போன்ற சதுரக் கட்டையாக, நெட்டைக் கோட்டுக்கு ஏறக்குறைய நிகரான கனத்துடன் நின்றது. எழுத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே கனம். மை குறைந்தாலும், தாள் முரடாயினும், காண்பவன் தொலைவில் நின்றாலும் எழுத்தின் உருவம் கலையாது. பெயர் குறித்து ஒரு வேடிக்கையும் உண்டு. நெப்போலியன் 1798-இல் எகிப்தின்மீது படையெடுத்தபின், இங்கிலாந்தில் நாற்காலி முதல் விளக்குத்தண்டு வரை அனைத்துக்கும் எகிப்தியப் பெயர் சூட்டும் மோகம் பரவியிருந்தது. பருத்த பாதம் கொண்ட இவ்வெழுத்தும் 'எகிப்தியன்' ஆயிற்று. ஆனால் 1816-இல் நான்காம் வில்லியம் காஸ்லன் பாதமே இல்லாத எழுத்து ஒன்றை வெளியிட்டபோது அதற்கும் 'எகிப்தியன்' என்றே பெயரிட்டார். பாதம் உள்ளதும் எகிப்தியன், இல்லாததும் எகிப்தியன்! பிரமிடுகளைக் கட்டியவர்கள் இரண்டையும் கண்டதில்லை என்பது மட்டும் உறுதி.

கற்றறிந்த அச்சாளர்கள் இதனை விரும்பினார்கள் என்று எண்ணவேண்டாம். பாராளுமன்ற விவாதப் பதிவேட்டுக்குத் தம் பெயரையே தந்துவிட்டுச் சென்ற தாமஸ் கர்சன் ஹான்சார்டு, அச்சுக்கலையைப் பற்றி 1825-இல் எழுதிய 'டைப்போகிராஃபியா' என்னும் பெருநூலில் இந்தக் கனத்த எழுத்துக் கூட்டத்தைக் கடுமையாகச் சாடினார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புத்தகப் பக்கத்தில் இவ்வெழுத்து, வாசகசாலையில் பறையடிப்பது போன்றதே. ஆயினும் இது புத்தகத்திற்காகப் பிறக்கவில்லை என்பதை அவர் கருதிப் பார்த்திருக்கலாம்.

இனி ஒடுங்கிய உடலுக்கு வருவோம். அக்காலச் சுவரொட்டியின் அமைப்பில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு வரியும் தாளின் இடப்புற ஓரத்திலிருந்து வலப்புற ஓரம் வரை நிறையவேண்டும். மூன்றெழுத்துச் சொல்லாயின் அகன்ற எழுத்தைக்கொண்டு நிரப்பிவிடலாம். பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட நீண்ட பெயர் வந்தால் என் செய்வது? எழுத்தைச் சிறிதாக்கினால் வரி உயரம் குன்றி, அதன் குரல் தாழ்ந்துவிடும். எனவே உயரத்தைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் ஒடுக்கினார்கள். திருவிழாக் கூட்டத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டு நெருங்கி நிற்பவர்கள் தலையைத் தாழ்த்துவதில்லையே, அது போல. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஒடுங்கியது, மிக ஒடுங்கியது என ஒரே எழுத்துக்குப் பல அகலங்கள் வார்க்கப்பட்டன. அச்சுக் கோப்பவர் வரியின் நீளத்துக்கு ஏற்ப அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வார். பழைய சுவரொட்டி ஒன்றில் எட்டு வகை எழுத்துகள் கலந்திருப்பதைக் கண்டு, இது இரசனையற்றவன் செய்த வேலை என்று இன்றைய இளைஞர் நகைப்பதுண்டு. பெரும்பாலும் அது இரசனையால் விளைந்ததன்று. பெட்டியில் எந்த அகலம் இருந்ததோ அது வரியில் ஏறியது.

ஒடுக்கிய எழுத்தில் பருத்த பாதம் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. எழுத்தை ஒடுக்கும்போது அதனுள் இருக்கும் வெற்றிடம் ஒரு சன்னமான பிளவாகிவிடுகிறது. நெட்டைக் கோடுகள் வேலிக்கால்களைப் போல் நெருங்கி நிற்கின்றன. பாதமில்லாத எழுத்தாயின் கண் அவ்வேலியில் சிக்கி, எது எந்த எழுத்தின் கால் என்று தடுமாறும். பருத்த பாதங்களோ அடுத்தடுத்து ஏறத்தாழ உரசிக்கொண்டு நின்று, வரியின் அடியில் ஒரு கரிய படுகையையும் தலையில் ஒரு கரிய விட்டத்தையும் இடுகின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே சொல் ஒரே கட்டாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு முதலில் தெரிவது எழுத்தன்று. ஒரு கரிய பட்டை. அவன் கால் தயங்கிய பிறகே பட்டை எழுத்தாக விரிகிறது.

இத்தகைய பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்ப்பது கடினம். உருக்கிய உலோகம் சீராகக் குளிராது; முகம் குழிந்துவிடும். எடையோ தாங்காது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தைக் குடையும் சுழல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு மர எழுத்துகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே விலைப்பட்டியலும் வெளியிட்டார். 1834-இல் வில்லியம் லெவன்வர்த் அக்கருவியுடன், ஒரு மூல வடிவத்தைத் தொடர்ந்து வரைந்து பிரதியெடுக்கும் 'பான்டோகிராஃப்' சட்டத்தை இணைத்தார். அதன்பின் ஒரே வடிவத்திலிருந்து பல அளவுகளில் எழுத்துச் செதுக்க இயன்றது. மேப்பிள் மரத்தைக் குறுக்காக அறுத்து, இழைநுனி மேலே வரும் முகத்தில் எழுத்தைக் குடைந்தனர். அந்த முகமே அச்சு யந்திரத்தின் அழுத்தத்தைத் தாங்கும். அளவைக் கணக்கிட்டது 'வரி' என்னும் அலகால். ஆறு வரி ஓர் அங்குலம். 1880-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் என்னும் ஊரில் ஜேம்ஸ் எட்வர்டு ஹாமில்டன் தொடங்கிய தொழிற்சாலை, நூற்றாண்டு முடிவதற்குள் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கிவிட்டது. அவ்வூரில் இன்று மர எழுத்துகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சரி, கருவி ஆயத்தமாயிற்று. அது யாருடைய வாயாகப் பேசியது?

இலண்டனில் அது முதலில் பணத்துக்கும் கேளிக்கைக்கும் பேசியது. தோர்ன் 1820-இல் இறந்தபோது அவரது வார்ப்படச் சாலையை ஏலத்தில் எடுத்தவர் வில்லியம் தாரோகுட். அதுவரை அத்தொழிலில் இல்லாதவர்; குலுக்கல் சீட்டில் விழுந்த பரிசுப் பணத்தைக் கொண்டு வாங்கினார் என்பர். குலுக்கல் விளம்பரங்களால் வளர்ந்த கொழுத்த எழுத்து, குலுக்கல் பணத்துக்கே கைமாறியது. 1851-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தமது வார இதழில் சுவரொட்டி ஒட்டுவோரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பகைவன் ஒருவனின் மனச்சான்றைத் துன்புறுத்த வேண்டுமாயின், அவனுடைய இரகசியத்தைக் குறிப்பாக உணர்த்தும் சுவரொட்டியை ஊர் முழுதும் ஒட்டிவிட்டால் போதும், அவன் கண்களை எங்குத் திருப்பினும் தப்ப முடியாது என்ற கற்பனை அதில் வருகிறது. நகைச்சுவையாக எழுதியதுதான். ஆனால் சுவரிலுள்ள எழுத்து ஒரு மனிதனைத் துரத்த முடியும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அதே ஆண்டுகளில், அந்தத் துரத்தல் கற்பனையாக இருக்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை ஏலம் விடும் அறிவிப்புகள், நாடக அறிவிப்புகளைக் கோத்த அதே பெட்டிகளிலிருந்து எடுத்த எழுத்துகளால் கோக்கப்பட்டன. எஞ்சியிருக்கும் தாள்களைக் காண்போர்க்கு முதலில் புலப்படுவது அவற்றின் சாதாரணத்தன்மை. மேலே பருத்த பாதங்களுடன் விற்பனைப் பொருள், அடுத்து நாள், அடுத்து இடம், கீழே சிற்றெழுத்தில், வயதும் கைத்தொழிலும் குறித்த மனிதர்களின் பட்டியல். தப்பியோடியவர்களைப் பிடித்துத் தருமாறு கோரும் விளம்பரங்களுக்கு இன்னும் வசதி இருந்தது. தோளில் கோலும் மூட்டையுமாக ஓடும் ஒருவரின் சிறு படத்தை வார்ப்பகங்கள் ஆயத்த அச்சாகவே விற்றன. மாதிரிப் புத்தகத்தில் குதிரைப் படமும் கப்பல் படமும் இருக்கும் வரிசையில் அதுவும் இருக்கும். 1837-இல் அடிமைமுறையை எதிர்த்த இதழ் ஒன்று அந்தப் படத்தையே தன் அட்டையில் அச்சிட்டு, இது தென்மாநிலச் சந்தைக்காக நம் நியூயார்க் நகரிலேயே வார்க்கப்படுவது என்று தன் வாசகர்க்குச் சுட்டிக்காட்டியது. வடக்கே வாழ்ந்த நல்லவர்களுக்கு அது கசந்திருக்க வேண்டும்.

இனி மறுபுறம். 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய சட்டம் நிறைவேறியது. அதன்படி, அடிமைமுறை ஒழிந்த மாநிலங்களிலும் தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பவேண்டும். 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்ற இளைஞர் பாஸ்டன் நகரில் பிடிபட்டுக் காவலர் சூழக் கப்பலேற்றப்பட்டார். அம்மாதம் 24-ஆம் நாளிட்ட சுவரொட்டி ஒன்று நகரில் ஒட்டப்பட்டது. தியடோர் பார்க்கர் என்னும் புரொட்டஸ்டாண்டு போதகர் வரைந்தது. காவலரோடும் ஊர்க்காவலாளிகளோடும் பேச்சுக்கொடுக்க வேண்டாம், அவர்கள் ஆள்பிடிப்போராக மாறியிருக்கிறார்கள், விழிப்பாயிருங்கள் என்று கறுப்பின மக்களை அது எச்சரித்தது. 'எச்சரிக்கை' என்ற சொல் தலைப்பில் பேரளவில் நிற்கிறது. வரிக்கு வரி எழுத்து மாறுகிறது. சில அகன்றவை, சில நெருக்கியவை. வடிவத்தில் ஏல அறிவிப்புக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. வேட்டையாடியவனும் வேட்டையாடப்பட்டவனைக் காக்க முயன்றவனும் ஒரே குரலைக் கடன் வாங்கினர். சாலையில் நிற்க நேரமின்றி ஓடுகிறவன் படிக்கவேண்டும் என்ற அந்தப் பழைய தேவை, பாஸ்டன் தெருக்களில் உயிர்த்தேவையாக இருந்தது.

ஆனால் உரத்துக் கத்தும் எழுத்தின்மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் அமைதியடைய இயலாது. அடிமை வணிகத்தில் சுவரொட்டியே ஒட்டப்படாத விற்பனைகளும் நடந்தன. அவற்றுள் ஒன்று நம் திருச்சபையைச் சார்ந்தது. 1838 ஜூன் 19-ஆம் நாள், மேரிலாந்து மாநில இயேசு சபையினர் தம் பண்ணைகளில் உழைத்துவந்த 272 பேரை லூயிசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். விலை 1,15,000 டாலர். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன்களைத் தீர்க்கவும் அப்பணத்தின் ஒரு பகுதி பயன்பட்டது. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, அவர்களுடைய சமய வாழ்வு காக்கப்படவேண்டும், பணம் கடனுக்குச் செல்லக்கூடாது என்று உரோமையில் இருந்த சபைத் தலைவர் ரோத்தான் அடிகளார் நிபந்தனைகள் விதித்திருந்தார். அவை காக்கப்படவில்லை. விற்கப்பட்டோர் பெரும்பாலும் நம்மைப் போல் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். இதற்குக் கனத்த எழுத்துகள் தேவைப்படவில்லை. கையால் எழுதிய ஒப்பந்தத்தில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வயதோடு, அமைதியாக வரிசைப்பட்டன. முதற்பெயர் ஐசக்.

ஒன்றரை ஆண்டுக்குள், 1839 டிசம்பர் 3-ஆம் நாள், திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருத்தூது மடல் விடுத்தார். அம்மடல் அமெரிக்க மறைமாவட்டங்களில் எவ்வளவு உரக்க வாசிக்கப்பட்டது என்ற வினா வரலாற்றாசிரியர்களை இன்றும் உறுத்துகிறது. அது அடிமை வணிகத்தை மட்டுமே தடுக்கிறது, அடிமைகளை வைத்திருப்பதை அன்று என்று வாதாடிய ஆயரும் இருந்தனர். திருச்சபையிடம் அன்று உரத்த எழுத்துக்குப் பஞ்சமில்லை. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் தயக்கம். 2017-இல் இயேசு சபையினரும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரினர். விற்பனைக்குத் தலைமை தாங்கிய குருவின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடம் இப்போது ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பருத்த எழுத்து உண்மைக்கு உறுதி அளிப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபின், 1865 ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்கப் போர்த்துறை 1,00,000 டாலர் பரிசு அறிவித்து வெளியிட்ட சுவரொட்டியைப் பலரும் படங்களில் கண்டிருப்பர். பெருந்தொகை மேலே தடித்து நிற்கிறது. ஆனால் தேடப்பட்ட மூவருள் இருவருடைய பெயர்கள் அதில் பிழையாக அச்சாயின. அவர்களுள் ஒருவர் ஜான் சரட், கத்தோலிக்க இளைஞர். கனடாவில் பங்குக் குரு ஒருவர் அவருக்கு அடைக்கலம் அளித்தார். பின்னர் அவர் உரோமைக்குச் சென்று, வேறு பெயரில் திருத்தந்தையின் படையில் சேர்ந்தார். அடையாளம் தெரிந்து கைதாகி, தப்பியோடி, 1866-இல் அலெக்சாந்திரியாவில் மீண்டும் பிடிபட்டார். 'எகிப்தியன்' என்னும் எழுத்துகளின் காலத்தில் தேடப்பட்டவர் எகிப்திலேயே அகப்பட்டது விந்தைதான். 1867-இல் நடந்த விசாரணையில் நடுவர் குழு ஒருமனப்படாமையால் விடுதலை பெற்றார். தாய் மேரி சரட்டுக்கு அந்தக் காத்திருப்பு கிட்டவில்லை. அவர் 1865 ஜூலை 7-ஆம் நாளே தூக்கிலிடப்பட்டார். குருக்கள் இருவர் இறுதிவரை உடன்நின்றனர். அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்ற வழக்கு நூல்களில் இன்னும் தீரவில்லை.

நம் பங்குகளின் திருவிழா நோட்டீசுகளையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம். பாதுகாவலரான புனிதரின் பெயர் எந்த அளவில், உபயதாரரின் பெயர் எந்த அளவில் என்று வாசகர்கள் அளவுகோலை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். நாம் மேலும் சொல்லப்போவதில்லை. அடுத்த திருவிழாவுக்கும் உபயதாரர்கள் வேண்டும்.

இவ்வெழுத்துக் குடும்பத்தில் சுவரை விட்டு இறங்கிப் புத்தகத்துக்குள் நுழைந்த ஒரு பிள்ளை உண்டு. அதைப் பற்றிச் சொல்லாவிடின் வரலாறு நிறைவுறாது. தாரோகுட்டின் வார்ப்படச் சாலையில் பங்காளியாக உயர்ந்தவர் ராபர்ட் பெஸ்லி. 1845-இல் அவருக்காகப் பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற செதுக்குநர் ஓர் எழுத்தை வெட்டினார். அதற்குக் கிளாரெண்டன் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பெயரைத் தழுவி இட்டது என்பர். இதுவும் சற்றே ஒடுங்கிய உடலும் கனத்த பாதமும் கொண்டதுதான். ஆனால் பாதம் செங்கல்லைப் போல் வெட்டென்று நிற்பதில்லை. உடலிலிருந்து வளைந்து இறங்கித் தரையில் ஊன்றுகிறது. கோடுகளில் பருமையும் மென்மையும் சிறிது கலந்துள்ளன. சாதாரண நூலெழுத்தின் அருகில் நின்று, அதே உயரத்தில், அதே வரியில், ஒரு சொல்லை மட்டும் சற்று அழுத்திக் காட்டுவதே அதற்கு இட்ட பணி. வண்ணம் செய்துவந்த வேலையைக் கறுப்பே செய்யத் தொடங்கியது இங்கேதான். இன்று கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டிச் சொல்லைத் தடிக்கச் செய்கிறோமே, அந்த வழக்கத்தின் தொடக்கமும் இதுவே.

ஒடுங்கிய உடல் இங்கே வேறொரு வகையில் பயன்பட்டது. தடித்த எழுத்து இயல்பாகவே கூடுதல் இடத்தை விழுங்கும். அகராதியின் பத்தியோ குறுகியது. ஒடுக்கி வெட்டியதால், கனம் கூடியும் கிளாரெண்டன் பத்தியைப் பிதுக்கவில்லை. சுவரில் நீண்ட பெயரைத் தாளுக்குள் அடக்கிய அதே உத்தி, அகராதியில் தலைச்சொல்லைப் பத்திக்குள் அடக்கியது.

1842-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பெஸ்லி அதைப் பதிவுசெய்திருந்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அந்தக் கெடு முடிந்தவுடன் ஏனைய வார்ப்பகங்கள் போட்டியிட்டுக்கொண்டு நகல் எடுத்தன. பெஸ்லிக்கு அது பெரும் மனத்தாங்கல். எனினும் அவருக்கு வாழ்வில் குறையொன்றும் நேரவில்லை. 1861-இல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, 1869-இல் இலண்டன் மாநகரத் தலைவராகவும் ஆனார். நகலெடுத்தவர்களால் கிளாரெண்டன் உலகெங்கும் சென்றது. அமெரிக்க மரச்செதுக்காளர்கள் அதை மீண்டும் ஒடுக்கி, பாதத்தை உடலைவிடக் கனமாக்கி, 'பிரெஞ்சுக் கிளாரெண்டன்' என்று பெயரிட்டு மறுபடியும் சுவரில் ஏற்றினர். திரைப்படங்களில் நாம் காணும் மேற்கத்திய எழுத்து பெரும்பாலும் இந்தப் பேரப்பிள்ளையே. 1938-இல் இங்கிலாந்தின் ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக ராபர்ட் ஹார்லிங் அமைத்த 'பிளேபில்' அதே சாயல் கொண்டது. 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரெண்டனை மீட்டெடுத்தார்; அது அமைதியான, அகன்ற வடிவம்.

பெஸ்லி எண்ணிய பணிக்கு அவ்வெழுத்து முழுமையாக அமர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டில்தான். ஆங்கில மொழியின் சொற்கள் அனைத்தையும் வரலாற்று முறையில் தொகுக்கும் பேரகராதியின் முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே பக்க அமைப்பைப் பெரிதும் ஆராய்ந்து, தலைச்சொற்களுக்குக் கிளாரெண்டனைத் தேர்ந்தார். பொருள் விளக்கம் ஓர் எழுத்தில், மேற்கோள்கள் அதினும் சிறிய எழுத்தில், தலைச்சொல் மட்டும் கரிய பாதம் ஊன்றி நிற்கும். பக்கத்தைப் புரட்டுபவரின் விரலும் கண்ணும் அங்கே வந்து தங்கும். மர்ரே 1915-இல், 'டி' எழுத்தில் உழைத்துக்கொண்டிருக்கையில் இறந்தார். கடைசிப் பகுதி 1928-இல் வெளியாயிற்று. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பதிப்பாசிரியர்கள் மாறினர். தலைச்சொற்கள் கடைசிப் பக்கம் வரை கிளாரெண்டனிலேயே நின்றன.